ஐந்தாம் நாள் என்ன தீரும்? பேரழிவுக் கதைகளும் நம் வீட்டுத் தயார்நிலையும்

2011ஆம் ஆண்டு மே மாதம், சி.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் இணையதளத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டது. செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து ஊருக்குள் வந்தால் வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எழுதியவர், அம்மையத்தின் அவசரகாலத் தயார்நிலைப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்த டாக்டர் அலி கான்.

விளையாட்டாகத் தோன்றினாலும் உள்ளே இருந்த பட்டியல் விளையாட்டல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர், கெட்டுப்போகாத உணவு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், பேட்டரியில் ஓடும் வானொலி, மாற்றுத் துணி, முக்கிய ஆவணங்களின் நகல், முதலுதவிப் பொருள்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அதே பட்டியல். அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். தலைப்பில் ஜாம்பி வந்ததும் வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் அந்தப் பக்கமே முடங்கிப்போனது. அதே ஆண்டில் அதைப் படக்கதையாகவும் கொண்டுவந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இந்த வகைக் கதைகள் புதியவை அல்ல. 2016இல் வந்த 'மிருதன்' படத்திலிருந்து இன்று கைபேசியில் பார்க்கும் கொரியத் தொடர்கள் வரை, உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை இரவு வெகுநேரம் கண்விழித்துப் பார்க்கிறார்கள். "இதில் என்ன பிரயோஜனம்?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. பிரயோஜனம் உண்டா என்று உண்மையிலேயே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கொரோனாவின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவில் எடுத்து 2021இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, பேரழிவுப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் அந்த நாட்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுத் தயாராக இருந்ததாகத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள் என்கிறது. அவரவர் தம்மைப் பற்றிச் சொன்ன பதில் என்பதால் நாம் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், சி.டி.சி.யின் அந்த ஜாம்பிப் பிரச்சாரத்தையே ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை வேறு விதமாகச் சொன்னது. நகைச்சுவை வடிவத்தைப் படித்தவர்களிடம், எதையாவது வாங்கி வைக்க வேண்டும், குடும்பத்தோடு பேச வேண்டும் என்ற எண்ணம் சாதாரண அறிவிப்பைப் படித்தவர்களைவிடக் குறைவாகவே இருந்ததாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுதான். பூதமும் பிணமும் கண்ணை இழுக்கும். கையை வேலை செய்ய வைக்காது. இக்கதைகளில் நமக்கு உதவும் பகுதி வேறொன்று. அழிவு வந்த மறுநாள் வீட்டில் எது நிற்கிறது, மூன்றாம் நாள் எது தீர்கிறது, பத்தாம் நாள் யார் படுக்கையில் விழுகிறார்கள் என்று நாள்வாரியாகச் சொல்லிச் செல்லும் பகுதி அது.

தனியாக விடப்பட்ட மனிதன் எப்படிப் பிழைப்பான் என்ற கேள்வி நம் மரபுக்கும் பழையது. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்', ஆளில்லாத் தீவில் மானால் வளர்க்கப்பட்ட குழந்தையின் கதை. தன்னை மறைக்க உடையும், குளிருக்கும் சமையலுக்கும் நெருப்பும் அவன் தானே கண்டறிகிறான். 1671இல் லத்தீனிலும் 1708இல் நேரடியாக அரபியிலிருந்து ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' வந்தது அதற்குப் பிறகு, 1719இல். ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது எழுந்ததா என்பதை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும்.

ஒரு நாவலின் நாட்குறிப்பு

நாள்வாரிக் கணக்குக்கு நாம் எடுத்துக்கொள்வது 1959இல் பேட் ஃபிராங்க் எழுதிய 'அலாஸ், பாபிலோன்' என்ற அமெரிக்க நாவல். அணுகுண்டுப் போரில் பெருநகரங்கள் அழிந்தபின், ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் ரிபோஸ் என்ற கற்பனைச் சிற்றூர் எப்படிச் சமாளிக்கிறது என்பதே கதை. குண்டு அவ்வூரின் மேல் விழவில்லை. அதனால்தான் அது நமக்குப் பாடமாகிறது. வெள்ளம் வீட்டுக்குள் வராத தெருக்காரர்களும் வெள்ளத்தில் தவிக்கிறார்கள் அல்லவா, அதுபோல.

கதைநாயகன் ராண்டிக்கு விமானப்படையில் இருக்கும் அண்ணனிடமிருந்து முன்னெச்சரிக்கை வருகிறது. கடைக்கு ஓடுகிறான். வாங்கி வந்ததில் பெரும்பகுதி இறைச்சி! அருகிலுள்ள ஆர்லாண்டோ நகரம் அழிந்ததும் மின்சாரம் நிற்கிறது, குளிர்பெட்டி வெறும் பெட்டியாகிறது, இறைச்சி கெடத் தொடங்குகிறது. பணம் அடுத்தது. வங்கி மூடியபின் நோட்டுக்கு மதிப்பில்லை. தன் வாழ்நாள் முழுவதும் பணத்தையே நம்பிய வங்கித் தலைவர் தற்கொலை செய்துகொள்கிறார். பிறகு மருந்து தீர்கிறது. சில மாதங்கள் கழித்து, யாருமே நினைத்துப் பார்த்திராத ஒரு பொருள் தீர்கிறது: உப்பு. அதை எங்கே தேடுவது என்பது ராண்டியின் மூதாதை ஒருவர் எழுதிவைத்த பழைய குறிப்பேட்டிலிருந்து தெரியவருகிறது.

தீர்ந்தவற்றுக்கு இணையாக, அதுவரை மதிப்பில்லாமல் கிடந்தவை மேலே வருகின்றன. பக்கத்துக் கறுப்பினக் குடும்பத்தின் தோட்டத்தில் மின்சாரமே இல்லாமல் தானாகப் பொங்கும் ஊற்றுக்கிணறு ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் அக்கம்பக்கத்தையே காப்பாற்றுகிறது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் சிற்றலை வானொலி வெளியுலகச் செய்தியைக் கொண்டுவருகிறது. ஆளில்லாமல் கிடந்த ஊர் நூலகத்தில் கூட்டம் சேர்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் மின்சாரம் போனால் மின்விசிறியும் விளக்கும் மட்டும் போவதில்லை. மோட்டார் ஓடாது, எனவே மேல்தொட்டி நிறையாது, எனவே கழிப்பறைக்கும் தண்ணீரில்லை. அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றால் நான்காம் மாடியில் இருக்கும் முழங்கால் வலிக்காரப் பெரியம்மா அங்கேயே சிறைப்படுகிறார். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன்பின் பேச்சும் இல்லை, கைபேசியில் பணம் அனுப்பும் வழியும் இல்லை. ஏ.டி.எம். திறக்காது. கையில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டு இல்லாதவர், கணக்கில் லட்சம் இருந்தும் பால் வாங்க முடியாது. தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் வெள்ளமும் சாக்கடையும் கலந்தால் இருந்த தண்ணீரும் போச்சு.

இது நாவல் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன, ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டிய நிலை வந்தது. வெளியூரிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரலைக் கேட்க முடியாமல் தவித்த அந்த நாட்களை அப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள்.

ஆகவே தயார்நிலை என்றால் பெரிய செலவு என்று யாரும் பயப்பட வேண்டாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் என்றால் 60 லிட்டர். கடையில் விற்கும் 20 லிட்டர் கேன் மூன்று. மழைக்காலம் தொடங்கியதும் அவற்றைத் தரையில் வைக்காமல் பரணிலோ மாடியிலோ வைத்துவிடலாம். மேல்தொட்டியை மழை அறிவிப்பு வந்த அன்றே நிரப்பிக்கொள்ளலாம். அவல், பொரிகடலை, பேரீச்சை, ரஸ்க், பால்மாவு ஆகியவை அடுப்பில்லாமல் வயிற்றை நிரப்பும். இறைச்சி வாங்கி ஃப்ரீசரில் திணித்த ராண்டியை நினைத்துக்கொண்டால் பட்டியல் தானாகவே சரியாகிவிடும். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பத்திர நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், இறுக முடிந்து. முக்கியமான பத்துத் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி அதே உறைக்குள். இன்று யாருக்கும் மனைவியின் எண்கூட மனப்பாடம் இல்லை. மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது. தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், அதுவும் உலர்ந்த இடத்தில் நின்று. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும்.

"இப்படி வாங்கி வைப்பது பதுக்கல் ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். விளைச்சல் காலத்தில் ஏழாண்டு சேமித்துப் பஞ்சகாலத்தில் ஊருக்கே பங்கிட்ட நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நாம் எல்லோரும் அறிந்ததுதான். தட்டுப்பாடு இல்லாதபோது மாதம் ஒன்றாக வாங்கி வைப்பது வேறு; புயல் அறிவித்த மாலையில் கடையிலுள்ள பாலையெல்லாம் ஒருவரே அள்ளிக்கொண்டு போவது வேறு.

குளிர்பெட்டியில் இருக்கும் உயிர்

அதே நாவலில் லவினியா என்றொரு பெண்மணி வருகிறார். சர்க்கரை நோயாளி. குண்டும் கதிர்வீச்சும் அவரைக் கொல்லவில்லை. மின்சாரம் நின்றதால் இன்சுலின் கெட்டு இறந்துபோகிறார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2009இல் வில்லியம் ஃபோர்ஸ்டன் எழுதிய 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' நாவலிலும் நாயகனின் சின்ன மகள் அதே காரணத்தால் இறக்கிறாள். இரண்டு எழுத்தாளர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த இடத்தில் நாமும் நின்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை?

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய 4 வாரம் இருக்கலாம். வகைக்கு வகை இது மாறும் என்பதால் உறைக்குள் இருக்கும் தாளைப் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது அவசியம். மின்சாரம் போனதுமே பதறிக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. அதேபோல ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைப்பதும் தவறு. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. வெப்பநாடுகளில் கையாளும் எளிய வழி, பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைப்பது. இன்சுலினைத் தண்ணீர் புகாத உறையில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த மழை நாளில் பானையின் குளிர்ச்சி குறையும்தான்; ஆனால் அந்நாட்களில் வெயிலும் கோடையைப் போல் இராது.

இன்சுலின் மட்டுமல்ல. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்கள், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், வலிப்பு மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாதவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். வழக்கமான மாத்திரையில் இரண்டு வாரத்துக்கு மிகுதியாக வைத்திருப்பதும், மருந்துச் சீட்டின் நகலை அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுவதும் சின்ன வேலைகள். டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாட்களில் எதை உண்ணலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்கலாம். நிவாரணத்துக்குப் போகும் தொண்டர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. களைத்துக் கிடப்பவரைப் பார்த்ததும் நாம் இளநீரையும் வாழைப்பழத்தையும் நீட்டுகிறோம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கொடுக்கும் முன் கேளுங்கள்.

கதைகள் சொல்லும் ஒரு பொய்

இதுவரை இக்கதைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொன்னோம். தள்ள வேண்டியது ஒன்றும் இருக்கிறது, அது சின்னதல்ல. இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவற்றில், மூன்றாம் நாளே அண்டை வீட்டுக்காரன் எதிரியாகிவிடுகிறான். கதவை அடைத்து, துப்பாக்கியோடு உட்கார்ந்தவனே பிழைக்கிறான்.

நிஜப் பேரிடர்களை நேரில் போய் ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறு. 1963இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லி, பல பேரிடர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மக்கள் தலைதெறிக்க ஓடுவதும் ஒருவரையொருவர் மிதிப்பதும் அரிது, உதவுவதே வழக்கம் என்று எழுதினார். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். மீட்புப் படை வந்து சேரும் முன்பே பாதி வேலை முடிந்துவிட்டிருந்தது.

பொய்யை நம்பினால் ஆபத்தும் உண்டு. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, எங்கும் கொள்ளை, எங்கும் கொலை என்று செய்திகள் பரவின. பின்னர் பார்த்தால் பெரும்பகுதி மிகை. ஆனால் அந்த வதந்திகளின் நடுவே டான்ஜிகர் பாலத்தில் காவலர்கள் சுட்டதில், கையில் ஆயுதமில்லாத இருவர் இறந்தார்கள், நால்வர் காயமடைந்தார்கள்.

நம் பக்கத்துச் சான்றுக்குக் காயல்பட்டினத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். அதே 2023 வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை, பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து மக்கள் கையிலிருந்த அரிசியைச் சேர்த்துக் கோயிலில் சமைத்து, யார் எவர் என்று கேட்காமல் அவர்களுக்குப் போட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாருக்கும் திறந்திருந்ததை நாடே பார்த்தது.

எனவே தீரும் பொருள்களின் வரிசையைக் கதையிலிருந்து எடுத்துக்கொள்வோம். மனிதர்களைப் பற்றிய கணக்கை நம் தெருவிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோவர்' 1993இல் வெளிவந்த நாவல். அதில் 15 வயதுப் பெண் லாரன், ஊர் அழியப்போகிறது என்று தோழியிடம் சொல்லிக் கலவரப்படுத்திவிடுகிறாள். மத போதகரான தந்தை அவளைக் கூப்பிட்டு, பயமுறுத்துவதைவிடக் கற்றுக்கொடுப்பதே மேல் என்கிறார். வீட்டுக்கு வீடு நாமும் அதையே செய்யலாம். கற்றுக்கொடுக்கக் கதையைவிட நல்ல வாகனம் இல்லை என்பதற்கு உலகறிந்த சான்று இந்தோனேசியாவின் சிமெலு தீவு.

1907இல் அத்தீவை ஆழிப்பேரலை தாக்கிப் பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று தம் மொழியில் பெயர் வைத்து, பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாகவும் தாலாட்டாகவும் ஆக்கினார்கள். சேதி மிக எளிது: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அத்தீவு. எச்சரிக்கைக் கருவி எதுவும் கிடையாது. சுமார் 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர். அதே அலை சில மணி நேரம் கழித்து நம் கரைக்கு வந்தது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க இறங்கி நடந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 உயிர்கள் போயின. அவர்களுக்கு அறிவு குறைவில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகளில் அந்தக் கடல் இல்லை.

ஒரு விடுமுறை நாள் மாலையில் இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, "நேற்று ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். இன்று முதல் நாள். காலையில் எழுந்ததும் என்ன செய்வோம்?" என்று கதையைத் தொடங்குங்கள். பல் துலக்கத் தண்ணீர் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்கும். வாப்பா மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று இன்னொன்று எண்ணும். உம்மா, "கேஸ் எப்போ மாத்தினோம்?" என்பார்கள். தங்கைக்கு மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, கைக்குழந்தைக்குப் பால் எது, படுக்கையில் இருக்கும் கண்ணும்மாவை மாடிக்கு எத்தனை பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்பதெல்லாம் ஐந்தாம் நாளுக்குள் வந்துவிடும். பதில் தெரியாத கேள்வி எதுவோ அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறுவாரம் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய பட்டியல் அதுதான். இந்த விளையாட்டில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவ்வளவு படம் பார்த்திருக்கிறார்கள்.

மஹல்லா அளவில் செய்ய வேண்டியதும் ஒன்று. இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியாக வசிக்கும் முதியோர், நடக்க முடியாதவர்கள் ஆகியோரின் பெயர், வீடு, மாடி, உறவினர் எண், அவர்களுக்குப் பொறுப்பான இரண்டு அண்டை வீட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மதம் பார்க்காமல் தெரு முழுவதும் எழுத வேண்டும். உரியவரின் சம்மதத்தோடு எழுத வேண்டும். பொறுப்பாளர் இருவர் தவிர வேறு எவர் கையிலும் அது போகக்கூடாது. கணினியில் மட்டும் வைத்தால் கரண்ட் போன அன்று அதுவும் போகும், எனவே தாளில் வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முந்தைய மாதம் ஒருமுறை, வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சரிபார்த்துவிட வேண்டும். வீடு மாறியவர்கள் இருப்பார்கள், புதிதாகப் பிறந்தவர்கள் இருப்பார்கள்.